சோம்பேறிக் கரடியும் குடாவடியும்

போன வருஷம் ஒரு சின்ன வேலை வந்தது. பிள்ளைகளுக்கான காட்டு விலங்குப் புத்தகம். மொத்தம் 24 பக்கம், பக்கத்துக்கு நாலு வரி. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கித் தர வேண்டும். நான் இருபது வருஷமாக மொழிபெயர்ப்பு செய்து பிழைக்கிறவள். மருந்துக் குறிப்பு, வங்கிப் படிவம், வாஷிங் மெஷின் கையேடு என்று எது வந்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்வேன். 24 பக்கம்தானே, ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டுக் காபி போடலாம் என்று உட்கார்ந்தேன்.

யானை முடிந்தது. புலி முடிந்தது. காட்டுமாடு வந்தது. (அதைக் காட்டெருமை என்று எழுத மாட்டேன் என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது எருமையே இல்லை. அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடுகிறேன்.) பதினேழாம் பக்கத்தில் ஒரு கரடி வந்து வழியை மறித்துக்கொண்டது. மேலே தலைப்பில் ஸ்லாத் பியர் என்று போட்டிருந்தது.

ஸ்லாத் என்றால் ஆங்கிலத்தில் சோம்பல். பியர் கரடி. அகராதியை வைத்துப் பெயர்த்தால் சோம்பல் கரடி. அப்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், செய்தித்தாளில் பார்த்திருக்கிறேன். எனக்கென்னவோ கை வரவில்லை. காரணம், பெரியப்பா.

பெரியப்பாவுக்குக் கடையம் பக்கத்தில் மலையடிவாரத்தில் கொஞ்சம் தோப்பு இருக்கிறது. மா, தென்னை, ஓரத்தில் நாலைந்து கொய்யா. மேற்கே பார்த்தால் மலைதான். சின்ன வயதில் மே மாத லீவுக்கு அங்கே போனால், இருட்டிய பிறகு மலைப்பக்கம் உள்ள வரப்பில் கால் வைக்க விட மாட்டார்கள். சிறுத்தைக்கு அவ்வளவு பயமில்லை. கரடிக்குத்தான் பயம். சரி, அவரையே கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன்.

"பெரியப்பா, நம்ம ஊர்க் கரடிக்கு வேற எதும் பேரு உண்டுமா?"

"எந்தக் கரடிக்கு?"

"நம்ம மலையில கெடக்கிற கரடிக்குத்தான்."

"கரடின்னா கரடிதான். அதுக்கு மேல என்ன பேரு வேணும் உனக்கு?"

"இங்கிலீஷ்ல சோம்பேறிக் கரடின்னு போட்டிருக்கான் பெரியப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எவம்ட்டி அவன்? ஒரு நாள் ராத்திரி இங்க தோப்புல வந்து படுக்கச் சொல்லு" என்றார்.

எவன் அவன் என்பது நல்ல கேள்வி. தேடிப் பார்த்தேன். ஆள் கிடைத்தார். ஜார்ஜ் ஷா. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த இயற்கையியலாளர். 1791இல் இந்தியாவிலிருந்து வந்த ஒரு விலங்கை விவரித்து அதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் வைத்தார்: பிராடிபஸ் அர்சினஸ். அர்சினஸ் என்றால் லத்தீனில் 'கரடி போன்ற'. பிராடிபஸ் என்பது தென் அமெரிக்காவில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கும் ஸ்லாத் என்ற விலங்கின் பேரினப் பெயர். ஆக, அவர் கணக்கில் இது கரடியே இல்லை. கரடி மாதிரி தோற்றமுள்ள ஒரு ஸ்லாத்.

ஒரு கரடியைப் பார்த்து மரத்தில் தொங்கும் பிராணி என்று ஒருவருக்கு எப்படித் தோன்றும்? நகமும் பல்லும்தான் காரணம். நம் கரடியின் முன்னங்கால் நகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொன்றும் நம் விரல் நீளத்துக்கு, அரிவாள் போல லேசாக வளைந்து, வெளிர் நிறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்லாத்துக்கும் அப்படி நீண்டு வளைந்த நகங்கள், கிளையில் கொக்கி மாட்டுவதற்கு. அடுத்தது பல். நம் கரடிக்கு மேல்வரிசையில் நட்டநடு முன்பற்கள் இரண்டும் கிடையாது, அந்த இடம் ஓட்டையாக இருக்கும். ஸ்லாத்துக்கோ முன்பல்லே இல்லை. அந்தக் காலத்தில் பாலூட்டிகளை வகைப்படுத்த முதலில் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்ப்பார்கள். நகமும் ஒத்துப்போயிற்று, பல்லும் ஒத்துப்போயிற்று, அப்புறம் என்ன? முத்திரை குத்தியாயிற்று.

இதே ஷாதான் 1799இல், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிளாட்டிபஸ் என்ற வாத்து அலகுள்ள விலங்கின் தோலைப் பார்த்துவிட்டு, வாத்தின் அலகை வேறு ஏதோ மிருகத்தின் உடம்பில் தைத்து எவனோ ஏமாற்றுகிறானோ என்று சந்தேகப்பட்டவர். நிஜமான அதிசயத்தைச் சந்தேகப்பட்டார். கரடித் தலையும் கரடி உடம்பும் கரடி மயிருமாக வந்ததை மட்டும் ஸ்லாத் என்று நம்பிவிட்டார். அவரைக் கேலி செய்வது சுலபம். நானும் பார்க்காத மருந்து, தொடாத இயந்திரம் என்று நூறு விஷயங்களைக் காகிதத்தை மட்டும் நம்பித் தமிழாக்கியவள்தான் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தத் தப்பு நெடுநாள் ஓடவில்லை. 1793லேயே மேயர் என்ற ஜெர்மானியர் இதற்கு மெலர்சஸ் என்று தனிப் பேரினம் கொடுத்துவிட்டார். 'மெல்' தேன், 'அர்சஸ்' கரடி. தேன்கரடி. 1810 வாக்கில் உயிருள்ள ஒரு கரடியே பிரான்சுக்குக் கப்பலில் போய் இறங்கியது. நடந்தது, மோப்பம் பிடித்தது, உறுமியது. கிளையில் தொங்கவில்லை. இது கரடிதான் என்று எல்லோருக்கும் விளங்கிப்போனது. ஆனால் பெயர் அதற்குள் ஊர் சுற்றிவிட்டதே! 'கரடி ஸ்லாத்' என்று இருந்ததை முன்பின்னாகத் திருப்பி 'ஸ்லாத் கரடி' ஆக்கிக்கொண்டார்கள். இருநூறு வருஷத்துக்கு மேலாக இங்கிலீஷில் அதுவே நிலைத்துவிட்டது.

அறிவியல் பெயரிலும் ஒரு வேடிக்கை மிஞ்சியிருக்கிறது. உயிரினப் பெயர் வைப்பதில் ஒரு சட்டம் உண்டு. பெயரின் முன்பாதியான பேரினம் மாறலாம், ஆனால் பின்பாதியாக முதலில் வைத்த இனப்பெயரை இஷ்டத்துக்குத் தூக்கிப் போட முடியாது. அதனால் மேயர் கொடுத்த மெலர்சஸும் ஷா கொடுத்த அர்சினஸும் ஒட்டிக்கொண்டு, இன்று இதன் முழுப் பெயர் மெலர்சஸ் அர்சினஸ். அதாவது 'கரடி போன்ற தேன்கரடி'. கரடியைப் பார்த்து, நீ கிட்டத்தட்ட கரடி மாதிரியே இருக்கிறாய் என்று சொல்கிற பெயர்.

பிராடிபஸ் என்ற சொல்லை நான் இரண்டு நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். கிரேக்கத்தில் 'பிராடிஸ்' மெதுவான, 'பூஸ்' கால் அல்லது அடி. மெதுவடி. மெல்லடி என்றால் நம்மூரில் பெண்ணைப் புகழ்வதாகிவிடும், அதனால் மெதுவடியே இருக்கட்டும். அடி என்று சொன்னதும்தான் மண்டையில் ஏதோ தட்டியது. நம்மிடமும் கரடிக்கு அடியை வைத்து ஒரு பெயர் இருக்கிறதே!

குடாவடி. குடா என்றால் வளைந்தது. கடல் நிலத்துக்குள் வளைந்து வந்தால் குடா என்கிறோமே, அதே குடா. குடா அடி, வளைந்த பாதம். தமிழ் அகராதியைப் புரட்டினால் குடாவடி என்பதற்கு நேரே கரடி என்று பொருள் போட்டிருக்கும். இது அகராதிக்காரர்கள் உட்கார்ந்து யோசித்த பெயர் அல்ல. திருமுருகாற்றுப்படையின் கடைசிப் பகுதியில், மலையருவி இறங்கி வரும் இடத்தில், 'குடாவடி உளியம்' என்று வருகிறது. உளியம் என்றாலும் கரடி. அதன் மயிரைப் பனையின் செறும்புக்கு ஒப்பிடுகிறார் நக்கீரர். செறும்பு என்பது கருப்பும் பழுப்புமாகக் குத்திட்டு நிற்கும் முரட்டு நார். பனை நாட்டில் பிறந்தவளுக்கு அந்த உவமைக்கு உரை வேண்டாம், உள்ளங்கையில் அந்தச் சுரசுரப்பு தானாகத் தெரியும். அருவி பாய்ந்து வரும் அமளியில் அந்தக் கரடி பயந்து பாறை இடுக்கில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. வளைந்த அடியை உடைய உளியம் என்று அடைமொழியாக இருந்தது, போகப் போக உளியத்தை உதிர்த்துவிட்டுத் தானே பெயராக நின்றுவிட்டது. நொண்டி, கூனி என்று ஊரில் மனிதர்களுக்கே அப்படித்தானே பட்டப்பெயர் நிற்கிறது.

அந்த வளைவு நிஜமா என்று பார்க்க ஒரு நாள் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனேன். (முதலில் ஒரு செவ்வாய்க்கிழமை போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். செவ்வாய் விடுமுறை. இதைப் படிக்கிறவர்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.) வெயில் தாழ்ந்த நேரம். கரடி பின்னாலிருந்து எழுந்து வந்தது. எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்தார்கள், நெஞ்சில் உள்ள வெள்ளை வளைவைப் பார்த்தார்கள். நான் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மைதான். முன்னங்கால்களை வைக்கும்போது பாதங்கள் உள்பக்கமாக ஒன்றையொன்று பார்த்துத் திரும்பிக்கொள்கின்றன. சின்னப் பிள்ளை அப்பாவின் செருப்பை இடவலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும், அப்படி. உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய பாதம். சும்மா சொல்லக் கூடாது, அந்த நடையை மட்டும் பார்த்தால் அவசரமே இல்லாத ஆள் என்றுதான் யாருக்கும் தோன்றும். சோம்பேறி என்று சொன்னால்கூட மன்னித்துவிடலாம். ஆனால் ஷா அந்த நடையைப் பார்த்து அந்தப் பேரை வைக்கவில்லை.

லண்டன்காரரும் அடியைச் சொன்னார், நக்கீரரும் அடியைச் சொன்னார். அவருக்கு மெதுவடி, இவருக்கு வளைந்த அடி. ஒருவர் முன்னால் இருந்தது நகமும் பல்லும். இன்னொருவர் பாட்டில் அது பயந்து ஓடுகிறது.

உண்மையில் அது ஓடினால் நம்மால் பிடிக்க முடியாது, தப்பிக்கவும் முடியாது. மனிதனைவிட வேகம். மரமும் ஏறும். குட்டி போட்ட தாய் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும், மற்ற கரடி இனங்களில் இப்படி வழக்கமாகச் சுமப்பது கிடையாது. முதுகில் அந்தச் செறும்பு மயிரைப் பிடித்துக்கொண்டு குட்டி உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் எதிரே நாம் போய் நின்றால் அது நமக்குக் கெட்ட நேரம். 2022 நவம்பரில் எங்கள் கடையம் பக்கத்தில் ஒரு கரடி மூன்று பேரைக் குதறிப் போட்ட செய்தி தமிழ்நாடு முழுக்க வந்தது. பெரியப்பாவுக்குச் சோம்பேறி என்ற சொல் ஏன் கசந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, பல் ஏன் இல்லை? இதைச் சொல்லாமல் போனால் கதை பாதிதான். நம் கரடியின் முக்கியமான சாப்பாடு கறையான். நகத்தால் புற்றைப் பிளக்கும். மூக்குத் துவாரங்களை இழுத்து மூடிக்கொள்ள அதனால் முடியும், மண் உள்ளே போகாது. பிளந்த இடத்தில் மூக்கை வைத்து முதலில் பலமாக ஊதும், புழுதி பறக்கும். அப்புறம் நீளமான உதடுகளைக் குழல் மாதிரி குவித்து, உள்ளே இருக்கும் கறையானை உறிஞ்சும். பல் இல்லாத அந்த இடைவெளிதான் உறிஞ்சும் வழி. ஊதுகிறதும் உறிஞ்சுகிறதும் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஷா ஸ்லாத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்ட அந்தப் பொக்கை, உழைத்துச் சாப்பிடுவதற்காக உண்டான பொக்கை.

இந்தச் சத்தத்தை நம் ஆள் ஒருவர் எப்போதோ எழுதிவைத்துவிட்டார். நற்றிணையில் 125ஆம் பாட்டு. அதில் கரடிக்குப் பெயர் எண்கு. இரை தேடி வந்த ஆண் எண்கு புற்றைப் பெயர்க்கிறது, உள்ளே இருக்கும் பாம்பு நடுங்கும்படி உறுமுகிறது, பிறகு கொல்லன் உலையில் ஊதும் துருத்தியைப் போல 'உள் உயிர்த்து' அகழ்கிறது. உள் உயிர்த்து என்ற இரண்டு சொல்லில் நான் வெகுநேரம் நின்றேன். மூச்சை வெளியே விடுவதை யாரும் எழுதிவிடுவார்கள். உள்ளே இழுப்பதைக் கவனித்து எழுத, நடுராத்திரியில் புற்றுக்குப் பக்கத்தில் எங்கேயோ காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். துருத்தி உவமை எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: ஊதவும் செய்யும், இழுக்கவும் செய்யும்.

அகநானூறு எட்டாம் பாட்டிலும் ஒரு கரடி. அங்கே அதற்கு எண்கு என்ற பெயர்கூட இல்லை. குரும்பியைத் தின்னும் பெருங்கை ஏற்றை, அவ்வளவுதான். குரும்பி என்பது புற்றுக்குள் கறையான் கட்டி வைத்திருக்கும் சோறு மாதிரியான கூடு. பெரிய கையை உடைய ஆண் என்றதுமே கேட்கிறவனுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது. தோலுக்குள் உறை போட்ட மாதிரி இருக்கும் நகம் பட்டுப் பாம்பின் வீரம் போய்விடுகிறது. இரண்டு பாட்டிலும் நேரம் நடுராத்திரி. நற்றிணைப் பாட்டில் கவலை ஒன்றுதான்: அவளைப் பார்க்க அவன் இந்த இருட்டில் இந்த வழியாகத்தானே வர வேண்டும்? பெரியப்பாவின் தோப்பு வரப்புக்கும் அந்தப் பாட்டுக்கும் எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை.

ஒரு தடவை அந்த வேலையை விடிந்த பிறகு பார்த்திருக்கிறேன். காலை ஆறரை இருக்கும். தோப்பின் மேற்கு வேலியைத் தாண்டி ஒரு புற்று, என் இடுப்பளவு இருந்தது, முதல் நாள் சாயங்காலம் முழுசாக இருந்தது. காலையில் ஒரு பக்கம் குடைந்து கிடந்தது. ஒரு முழம் ஆழத்துக்கு வாய் திறந்த ஓட்டை. விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் ஐந்து கோடு, ஈர மண்ணில் முள்கரண்டி இழுத்த மாதிரி. ஓட்டைக்கு வெளியே, ஒரு பக்கமாக மட்டும், மெல்லிய மண் விசிறி விரித்தது போலப் படிந்திருந்தது. "ஊதியிருக்கு பாத்தியா" என்றார் பெரியப்பா. பத்தடி தள்ளி எச்சம். குச்சியால் கிளறிக் காட்டினார். முழுக்கக் கொன்றை விதை, பளபளவென்று கழுவி வைத்த மாதிரி. சோம்பேறி கிளப்பிப் போட்டிருந்த அந்த மண்ணை வாரினால் நாலு கூடை தேறும்.

மற்ற ஐரோப்பியர்களை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. ஷாவுக்குப் பின்னால் வந்த ஒரு பிரெஞ்சுக்காரர், பிளான்வில், 1817இல் உதட்டைப் பார்த்து அர்சஸ் லேபியாட்டஸ் என்று பெயர் வைத்தார். உதட்டுக்கரடி. 1820இல் டீடமன் என்பவர் நீள்மூக்குக் கரடி என்ற பொருளில் ஒன்று வைத்தார். இரண்டும் பொருத்தமான பெயர்கள்தான். ஆனால் முதலில் வந்தவன் துண்டு போட்டுப் பிடித்த இடத்தை யாரால் எழுப்ப முடியும்?

தேன்கரடி என்ற பெயர் எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். தேன் என்றால் இதற்கு உயிர், உண்மைதான். மரம் ஏறி அடையைத் தட்டிக் கீழே தள்ளிவிட்டு இறங்கித் தின்னும். ரஷ்யர்கள் கரடியை 'மெத்வேத்' என்பார்கள், தேன் தின்னி என்று அர்த்தம். கரடியின் உண்மையான பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்று பயந்து இப்படிச் சுற்றி வளைத்துக் கூப்பிட்டதாக மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். பாம்பைப் பூச்சி என்று சொன்ன நம் பாட்டிகளுக்கு இது புதுசா என்ன? ஆங்கிலத்தில் உள்ள 'பியர்'கூட அந்தப் பயத்தில் வந்த 'பழுப்பன்' என்ற பட்டப்பெயர்தான் என்று பலர் கருதுகிறார்கள். சமஸ்கிருதத்து ரிக்ஷமும், இந்தி ரீச்சும், கிரேக்கத்து ஆர்க்டோஸும், லத்தீன் அர்சஸும் ஒரே வேரில் வந்த பங்காளிகள். இன்னொரு சமஸ்கிருதச் சொல் பல்லூகம், அதுதான் இந்தியில் பாலு ஆயிற்று, தமிழ் நிகண்டுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

எண்கு இன்று நம் வாயில் இல்லை. ஆனால் தெலுங்கில் எலுகு என்று அதன் உடன்பிறப்பு உயிரோடு இருக்கிறது, எலுகுபண்ட்டி என்பார்கள். தெலுங்கில் குரலுக்கும் எலுகு என்று பேர் உண்டு. உடனே, குரல் எழுப்புவதால் கரடிக்கு அந்தப் பெயர் என்று கதை கட்டக் கை பரபரக்கும். அதேபோல உளியத்தைப் பார்த்ததும் உளி போன்ற நகம் என்று பிரித்துவிட ஆசை வரும். எனக்கு இரண்டு ஆசையும் வந்தது. ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சொல்லுக்கு அப்பன் பெயர் எழுதுவது, நகத்தையும் பல்லையும் மட்டும் வைத்து ஸ்லாத் என்று எழுதுவதைப் போலத்தான். அடக்கிக்கொண்டேன்.

தமிழ், கன்னடம், மலையாளம் மூன்றிலும் இன்று பேச்சில் நிற்பது கரடி. கரடு என்ற சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. கரடுமுரடு என்கிறோமே, அந்தக் கரடு. அந்த மயிரைப் பார்த்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். இந்தச் சொல் ஒரு தோல் கருவிக்கும் போயிருக்கிறது, கரடிகை. கரடி கத்தினாற்போன்ற ஓசை உடையதால் கரடிகை என்று சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் காரணம் சொல்கிறார். பாருங்கள், இங்கேயும் காதுதான்.

சிவபூஜையில் கரடி புகுந்த மாதிரி என்று ஒரு சொலவடை இருக்கிறதல்லவா? அந்தக் கரடி மிருகமே இல்லை, பூஜையில் வாசிக்கும் இந்த வாத்தியம்தான், நாம்தான் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று ஒரு விளக்கம் வருஷத்துக்கு ஒரு முறையாவது வாட்ஸ்அப்பில் எனக்கு வந்துவிடும். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பூஜைக்காகவே வாசிக்கும் வாத்தியம் பூஜைக்கு எப்படி இடைஞ்சல் ஆகும்? சென்னையில் உட்கார்ந்து யோசித்தால் கோயிலுக்குள் கரடி வருவது நடக்காத காரியமாகத் தோன்றலாம். மலையடிவாரத்தில் அது சாதாரணம். விளக்கில் ஊற்றி வைத்த எண்ணெய்க்கும், படைத்து வைத்த பொங்கலுக்கும் ராத்திரியில் கரடி வந்துவிட்டுப் போகும். நீலகிரிப் பக்கம் கேமராவில் பதிவாகி எத்தனை முறை செய்தியில் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சொலவடையைச் சொன்னவன் கரடியைத்தான் சொன்னான் என்பது என் கட்சி.

இவ்வளவும் படித்துவிட்டு நான் பதினேழாம் பக்கத்தில் எழுதிக் கொடுத்தது ஒரே சொல். கரடி. தென்னிந்தியக் காட்டில் இருப்பது இந்த ஒரு கரடிதான். பனிக்கரடிக்குப் பனி வேண்டும், இமயமலைக் கரடிக்கு இமயமலை வேண்டும், அவை வெளியூர். உள்ளூர்க்காரனுக்கு எதற்கு அடைமொழி? இதை விளக்கி ஒரு பக்கத்துக்குக் குறிப்பும் எழுதி அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்துப் புத்தகம் தபாலில் வந்தது. பதினேழாம் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். பெரிய வண்ண எழுத்தில் 'சோம்பேறிக் கரடி'. மூலத்தில் இருந்த ஒரு சொல் விடுபட்டிருந்தது, நாங்களே சேர்த்துவிட்டோம் என்று பதிப்பகத்திலிருந்து ஒரு வரி வந்தது. அவர்கள் பேரில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. என் குறிப்பை யாரும் திறந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு பிரதியைக் கொண்டுபோனேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். யானைக்குத் தலையாட்டினார். புலியின் மீசை நன்றாக இருக்கிறது என்றார். பதினேழாம் பக்கம் வந்ததும் நின்றார். எழுத்தைப் படிக்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார். மரத்தடியில் ஒரு கரடி மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பதிப்புக்காகப் புதிதாக வரைய வைத்த படம்.

"இது எதுக்கு செத்துக் கெடக்கு?" என்றார்.

"சாகல பெரியப்பா. தூங்குது. சோம்பேறிக் கரடில்லா."

அவர் பதில் சொல்லவில்லை. புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலை வைத்து எதையோ எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஏட்டி, கரடிக்கு அஞ்சு நகம்லா? இவன் என்ன கையில மூணுதான் போட்டிருக்கான்?"

வாங்கிப் பார்த்தேன். மூன்றுதான். தென் அமெரிக்க ஸ்லாத்துகளில் ஒரு வகைக்கு மூன்று நகம்.